கூடிப் பேச ஓர் இடம் – 7: இடம் காட்டாத தடை

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு தருவதைச் சென்ற வாரம் பார்த்தோம். பொது ஒழுங்குக்காக அதில் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் தேசூரின் பட்டு நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஒரு மாலை கூட நினைத்தால், அவர்கள் முன் நிற்கும் கேள்வி எளியது: எங்கே கூடுவது? 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவை அமல்படுத்திவிட்டால், காவல்துறை அனுமதி இல்லாமல் கூட்டமோ ஊர்வலமோ நடத்த முடியாது. அந்தப் பிரிவு தருவது ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டுமே. அதைத் தடுக்கும் அதிகாரமாகக் கையாள்வதில்தான் உரிமை தேய்கிறது.

உச்ச நீதிமன்றம் இதை 1972லேயே தெளிவாக்கியது. அகமதாபாத்தில் பொதுக்கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்ட ஹிம்மத்லால் ஷா வழக்கில், எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கு அனுமதியை விட்ட விதி செல்லாது என்றது. 2018இல் டெல்லி ஜந்தர் மந்தர் வழக்கில், போராட்டங்களுக்கு முழுத் தடை கூடாது, வழிமுறை வகுக்க வேண்டும் என்றது. ஆனால் அதே ஆண்டு சென்னை மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு கேட்டபோது, தனி நீதிபதி ஒரு நாள் அனுமதித்தார். அரசின் மேல்முறையீட்டில் அந்த அனுமதியும் தடைபட்டது.

பூங்காவும் கடற்கரையும் இளைப்பாற வருபவர்களுக்கு உரியவை, ஒலிபெருக்கி அவர்களைத் துரத்தும் என்கிறார்கள் தடையை ஆதரிப்பவர்கள். நியாயமான கவலைதான். அதற்கு மருந்து நேரமும் ஒலி அளவும் ஆள் எண்ணிக்கையும் வகுப்பது. வாயிலைப் பூட்டுவது மருந்தாகாது. ஷாகீன் பாக் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், போராட்டம் ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் நடக்க வேண்டும் என்றதையும் எடுத்துக்காட்டுவார்கள். அப்படியானால் இடம் ஒதுக்குவது அரசின் கடமையாகிறது. இடமே ஒதுக்காத ஊரில் அந்தத் தீர்ப்பைக் காட்டித் தடுத்தால், உரிமை முழுவதும் பறிபோகிறது. ஒதுக்கியதோடும் கடமை முடிவதில்லை. சிங்கப்பூர் 2000இல் ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் முனையைத் திறந்தது. ஆனால் அதற்கு வெளியே பொது இடத்தில் உரிமம் இல்லாமல் கூடிப் போராட முடியாது. ஓரிடத்தைத் தந்து மற்ற இடங்களை அடைத்தால், தந்த இடமே வேலியாகும்.

கூட்டம் கலவரமாகும் என்ற அச்சமும் உண்டு. கலவரம் செய்பவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, 2023இல் மேல்மா சிப்காட் தொழிற்பேட்டைக்கான நில எடுப்பை எதிர்த்துப் போராடிய 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கடும் கண்டனத்துக்குப் பின் 6 பேர் மீதான நடவடிக்கையை அரசே கைவிட்டது. அச்சத்தை அளவுகோலாக்கினால் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதும்.

எனவே ஒவ்வொரு பேரூராட்சியும் மக்கள் வந்துபோகும் மையத்தில் ஒரு திடலைப் பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும். நிபந்தனைகளை எழுதி ஒட்ட வேண்டும். மனுவுக்குக் கெடுவுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்லி, வேறு இடமோ நாளோ காட்ட வேண்டும். இவை இல்லாத அனுமதி முறை, 1972இல் செல்லாது என்று தள்ளப்பட்ட விதியின் மறுபிறவியே.

(தொடரும்)