பாப்கார்ன் மேசையும் மழைக்கால ஈரமும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான தொழிற்பகுதியில் பொரி மிகுதியாகக் கைமாறும் நாள் ஆயுத பூசை. இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய சிப்காட் வளாகங்களைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளிலும் லாரி ஷெட்டுகளிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும், இயந்திரங்களையும் வண்டிகளையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூசணிக்காய் உடைத்தபின், பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும் பொட்டலமாகக் கட்டி வந்தவர்க்கெல்லாம் கொடுப்பது வழக்கம். நகர விருந்துகளில் இன்று காணப்படும் ‘பாப்கார்ன் பார்’, அதாவது பாப்கார்னை நடுவில் குவித்து, சுற்றிலும் பொடிகளும் கொட்டைகளும் இனிப்புகளும் வைத்து, விருந்தினரே தமக்கு வேண்டியதைக் கலந்து எடுத்துக்கொள்ளும் மேசை, இந்தப் பொட்டலத்துக்கு நெருங்கிய உறவுடையது. பொட்டலத்தின் கலவையைக் கொடுப்பவர் முடிவுசெய்கிறார், மேசையில் உண்பவர் முடிவுசெய்கிறார் என்பதே வேறுபாடு.

இப்பகுதிக்கு இம்முறை பொருந்துவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. வீட்டைவிட்டு வந்து பகிர்வு அறைகளிலும் விடுதிகளிலும் தங்கி வேலைசெய்வோர் இங்கு மிகுதி. 2024 ஆகஸ்ட் மாதம் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு வளாகம் ஒன்றில் மட்டுமே 18,720 பேர் தங்க இடம் உண்டு. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஓரிடத்தில் கூடும்போது, யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்ற கேள்வி சமைப்பவரை வாட்டும். பாப்கார்ன் சைவம், மலிவு, எவருக்கும் அந்நியமாகாதது. காரத்தின் அளவை அவரவர் கை தீர்மானிக்கிறது. ஷிப்ட் முறையில் வேலை நடப்பதால் விருந்தினர் ஒரே நேரத்தில் வந்து சேர்வதும் இல்லை. பந்தி வைத்துப் பரிமாறும் விருந்து தடுமாறும் இந்த இடத்தில், தானே எடுத்துக்கொள்ளும் மேசை தடுமாறுவதில்லை.

ஆயினும் இம்மேசையின் வெற்றி தோல்வி அலங்காரத்தில் இல்லை, நீரில் இருக்கிறது. கோழித் தீவனத்துக்குப் பெருமளவில் செல்லும் சாதாரண மக்காச்சோளம் வாணலியில் வறுபட்டுக் கருகுமே தவிர மலராது. பாப்கார்னுக்கென உள்ள வகையின் மணிகள் சிறியவை; அவற்றின் மேல்தோல் கடினமாகவும் விரிசலின்றியும் இருப்பதால், மணியின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடாக உள்ளிருக்கும் ஈரம் சூடேறும்போது வெளியேற வழியின்றி நீராவியாகி அழுத்தம் கொடுக்கிறது. வெப்பம் சுமார் 180 டிகிரி செல்சியஸை எட்டுகையில் தோல் தாங்காமல் வெடிக்க, அதற்குள் கூழாகிவிட்ட மாவுச்சத்து நுரைபோல விரிந்து, விரிந்த கணத்திலேயே குளிர்ந்து இறுகிவிடுகிறது. நெல்லைச் சுடுமணலில் இட்டுப் பொரிக்கும்போது உமி செய்யும் வேலையையே இங்கு மேல்தோல் செய்கிறது. உலர்ந்துபோன மணிகளில் அழுத்தம் கூடாது; தோல் கீறிய மணிகளில் ஆவி கசிந்துவிடும். ஆகவே மணிகளைக் காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது முதல் விதி. பழைய மணிகள் சரியாகப் பொரியாவிட்டால், மூன்று கோப்பை மணிகளுக்கு ஒரு மேசைக்கரண்டி நீர் வீதம் தெளித்து, மூடிக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் வைத்தால் பெரும்பாலும் உயிர்பெறும்.

பொரிவதற்கு முன் ஈரம் உள்ளே இருக்க வேண்டும். பொரிந்தபின் அதே ஈரம் பகையாகிறது. பொரிந்த பாப்கார்ன் நுண்ணிய சுவர்களாலான நுரை என்பதால் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சி நமத்துப்போகிறது. செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகள் சூழ்ந்த இப்பகுதியில், விருந்துகள் மிகும் ஐப்பசி கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஆகும். காலையில் பொரித்துத் திறந்த அண்டாவில் வைத்த பாப்கார்ன் மாலைக்குள் தோல்போலாகிவிடும். மொட்டைமாடியில் ஷாமியானா போட்டு மேசை அமைப்பவர்கள் இதை முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பொரிக்கும் முறையிலும் இதே கணக்குதான். அடிகனமான பாத்திரத்தில், மணிகளின் அளவில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் ஊற்றி, மூன்று நான்கு மணிகளை மட்டும் போட்டு, அவை வெடித்ததும் மற்றவற்றை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். தேங்காயெண்ணெய் இதற்கு மிகப் பொருத்தமானது. அமெரிக்கத் திரையரங்குகள் நெடுங்காலம் விரும்பியதும் அதுவே. வீடுகளில் பலர் குக்கரைப் பயன்படுத்துகின்றனர். அதன் மூடியை ஒருபோதும் பூட்டாமல், கேஸ்கட்டும் வெயிட்டும் இன்றிச் சற்றே சாய்த்து வைப்பது பாதுகாப்புக்கு மட்டுமன்றி மொறுமொறுப்புக்கும் தேவை. ஒவ்வொரு மணியும் வெடிக்கும்போது வெளிவிடும் நீராவி உள்ளேயே தங்கினால் பாப்கார்ன் தன் ஆவியிலேயே வெந்து தடித்துவிடும். வெடிச் சத்தங்களுக்கு இடையே இரண்டு விநாடி இடைவெளி விழுந்ததும் அடுப்பை அணைத்து, அகன்ற தாம்பாளத்தில் கொட்டி ஆவி போகவிட வேண்டும். 1 கிலோ மணி ஏறக்குறைய 30 லிட்டர் அளவுக்குப் பொரியும். ஆளுக்கு ஒரு லிட்டர் என்று கொண்டால் 30 பேருக்கு அது போதும்.

மேசையில் வைப்பவற்றைத் தேர்வதிலும் ஈரம் அற்றவை, ஈரம் உள்ளவை என்ற பிரிவினையே பயன்படும். மேனாட்டுச் செய்முறைகள் உருக்கிய வெண்ணெயை ஊற்றச் சொல்கின்றன. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர் என்பதால் ஊற்றிய இடம் சுருங்கிப்போகும். அந்நீரைக் காய்ச்சி வெளியேற்றிய நெய்யோ பாப்கார்னைச் சுருக்காமல் பொடிகளை ஒட்டவைக்கிறது. இவ்விடத்தில் தமிழ்ச் சமையலறை மேனாட்டுச் சமையலறையை விடவும் தயார் நிலையில் உள்ளது: எள் மணக்கும் இட்லிப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டு சேர்த்த பருப்புப்பொடி, மிளகு சீரகப் பொடி ஆகிய அனைத்தும் ஏற்கெனவே உலர்ந்தவை, ஏற்கெனவே உப்பிட்டவை. அவற்றை மிக்ஸியில் மீண்டும் ஒருமுறை மாவுபோல் அரைத்துச் சலித்தால்தான் பாப்கார்னின் மடிப்புகளில் தங்கும். கல்லுப்பும் கொரகொரப்பான பொடியும் பாத்திரத்தின் அடியில் போய்ச் சேரும். சூடான நெய்யில் கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகப் பொரித்து, அந்த நெய்யையே சிறு கரண்டியுடன் மேசையில் வைப்பது நலம். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, ஓமப்பொடி, நெய்யில் வறுத்த முந்திரி ஆகியவை பக்கத்தில் நிற்கலாம். வேர்க்கடலை ஒவ்வாதவர் இருக்கக்கூடும் என்பதால் அதற்குத் தனிக் கிண்ணமும் தனிக் கரண்டியும் வேண்டும்.

இனிப்புப் பக்கம் கூடுதல் கவனம் கேட்கிறது. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. இளம்பாகில் புரட்டிய பாப்கார்ன் அரைமணி நேரத்தில் பிசுபிசுத்து ஒரே கட்டியாகிவிடும். கார்த்திகைப் பொரி உருண்டைக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் வைப்பதுபோல் பாகு முற்றியிருக்க வேண்டும்: ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்கும் பதம் அது. ஏலக்காயும் சுக்கும் தூவிப் புரட்டி, சூடு ஆறுமுன் உதிர்த்துவிட்டு, ஆறியவுடன் டப்பாவில் அடைக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், உப்பும் மசாலாவும் சேர்த்து உதிரியாக விற்கும் பாப்கார்னுக்கு 5, பொதியிட்டுப் பெயர் ஒட்டியதற்கு 12, சர்க்கரைப்பாகு ஏறிய கேரமல் வகைக்கு 18 விழுக்காடு என்று விளக்கம் அளித்தபோது நாடெங்கும் கேலி எழுந்தது. அடுப்படிக் கணக்கில் பார்த்தால் அந்தப் பிரிவினை அத்தனை அபத்தமன்று. பாகு ஏறியபின் அது வேறு பண்டமாகவே நடந்துகொள்கிறது.

வெங்காயம், தக்காளி, மாங்காய், எலுமிச்சைச் சாறு ஆகிய ஈரப் பொருள்களை அறவே விலக்க வேண்டியதில்லை. மசாலாப் பொரி வண்டிக்காரர் பொரியை மூடியிட்ட டப்பாவிலும் நறுக்கிய காய்களைத் தனித்தனிக் கிண்ணங்களிலும் வைத்திருந்து, கேட்பவர் முன் நின்றபின்னரே ஒரு சட்டியில் போட்டுக் கலந்து கூம்பில் கொடுக்கிறார். அவர் கையாளும் ஒழுங்கே இம்மேசைக்குச் சிறந்த வரைபடம். ஒரு முனையில் கூம்புகள், அடுத்து பாப்கார்ன், பின்னர் நெய், அதன்பின் பொடிகள், பின்னர் கடலை வகைகள், கடைசி முனையில் ஈரப்பொருள்கள் என்று வரிசை அமைந்தால், காய் சேர்த்தவர் மேசையைவிட்டு நகர்ந்து உடனே உண்ணத் தொடங்குவார். கைவிட்டு அள்ளாதபடி நீண்ட கரண்டிகள் தேவை. அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ள நெகிழித் தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் அடங்கும். வெறும் பழுப்புக் காகிதக் கூம்பும் பாக்குமட்டைக் கிண்ணமும் போதுமானவை.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாப்கார்ன் தரலாகாது. துண்டுகளும் பொரியாத மணிகளும் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். வெண்ணெய் மணமூட்டி பற்றிய ஒரு செய்தி தொழிலாளர் நிறைந்த இவ்வட்டாரம் அறியத்தக்கது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர்களிடம் மீளாத நுரையீரல் நோய் கண்டறியப்பட்டு, 2000ஆம் ஆண்டில் அது வெளிச்சத்துக்கு வந்தது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்னும் வேதிப்பொருளின் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததே காரணமாகக் காட்டப்பட்டது. பாதிப்புக்குள்ளானவர்கள் ஆலையில் அதைக் கலந்தவர்களும் பொதியிட்டவர்களும்தான்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பேருந்தில் தாமதமாக வந்திறங்குவோரைக் கருதி, மொத்த மணிகளையும் ஒரே நேரத்தில் பொரிக்காமல், பாதியை முதல் அலைக்கும் மீதியை அவர்கள் வரும் நேரத்துக்கும் பிரித்து வைப்பது நல்லது. நமத்துப்போன மிச்சத்தை எண்ணெயின்றி வெறும் வாணலியில் சிறுதீயில் சில நிமிடம் புரட்டினால் ஈரம் வெளியேறி மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். மேசைக்குக் கொண்டுவருமுன் அகன்ற கண்ணுள்ள சல்லடையில் ஒருமுறை குலுக்கினால் பொரியாத மணிகள் கீழே உதிர்ந்துவிடும். அவற்றுள் பெரும்பாலானவை சூட்டில் ஈரத்தை இழந்தவை அல்லது தோல் கீறியவை என்பதால் மறுபடி அடுப்பிலேற்றிப் பயனில்லை.