இரவு நனையும் பாய்க்குப் பகலில் ஒரு காரணம்

"ஏழு வயசாச்சு, இன்னும் படுக்கையிலேயே போயிடறான்" என்று டாக்டரிடம் வரும் அம்மாக்கள் இரவைப் பற்றியே பேசுகிறார்கள். பகலைப் பற்றித் துருவிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பள்ளி வேன் வாசலில் நின்றதும், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறது பிள்ளை. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே கனக்கிறது.

குடித்தால் போக வேண்டி வருமே! பள்ளிக் கழிப்பறைக்குப் போனால் நாற்றம், விழாத தாழ்ப்பாள், காய்ந்து கிடக்கும் குழாய். வகுப்பு நடுவே கேட்டால், "இப்பதானே இன்டர்வெல் விட்டுச்சு?" என்ற அதட்டல். பிள்ளை அடக்கப் பழகிக்கொள்கிறது, சிறுநீரோடு மலத்தையும். மலம் தேங்கி இறுகிய குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்க, அதன் கொள்ளளவு குறைகிறது. பகலெல்லாம் வறண்ட தொண்டைக்குச் சாயங்காலத்துக்கு மேல்தான் தண்ணீரும் பாலும். பாய் நனையாமல் என்ன செய்யும்?

பரம்பரை, ஆழ்ந்த தூக்கம், இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் ஹார்மோன் போதாமை ஆகியவையே முக்கியக் காரணங்கள் என்பார்கள் மருத்துவர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பரம்பரையை மாற்ற நம்மால் ஆகாது. கழிப்பறையைக் கழுவ ஆகும்.

5 வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பிள்ளைகளுக்கு இப்படிப் படுக்கை நனைவது உண்டு. ஆண்டுதோறும் அவர்களில் ஏழில் ஒருவருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. தூக்கத்தில் தன்னையறியாமல் நடப்பதற்கு அடியும், 'சூடு வைப்பேன்' என்ற மிரட்டலும், அத்தை மாமா முன்னால் கேலியும் பெரும் கொடுமை.

முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீரைக் காலையிலும் மதியமும் தாராளமாகக் கொடுத்து, இரவில் குறைக்கலாம். படுக்கும் முன் ஒருமுறை கழிப்பறை. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரத்தை இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் பயன்படுத்தினால் பலருக்குப் பலன் தெரிகிறது. சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. அதைப் போட்ட இரவில் அதிகம் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். ஆறு மாதமோ அதற்கு மேலோ நின்றிருந்து மறுபடி தொடங்கினாலோ, தீராத தாகம், எடைக் குறைவு, நீர்க்கடுப்பு, பலத்த குறட்டை இருந்தாலோ காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு, பிள்ளைகளின் கழிப்பறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். காலையில் போகாதீர்கள், அப்போதுதான் கழுவியிருப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு போங்கள். தாழ்ப்பாள் விழவில்லையென்றால், குழாயில் தண்ணீர் இல்லையென்றால், நாலு பெற்றோர் சேர்ந்து அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.