பழைய மொறிஸ் மைனரின் கியர்ப்பெட்டி

மோட்டார்க் காரின் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். கியர்ப்பெட்டியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அது முனகத் தொடங்கிய பின்னரே அதன் நினைவு வருகிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் இன்றும் இலங்கை வீதிகளில் ஓடுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்த ஆண்டுகளில், பழைய காரைப் பழுதுபார்த்து ஓட்டுவது பலருக்குப் பொழுதுபோக்காக அன்றித் தேவையாகவே இருந்தது.

1962இல் 1098 சீ.சீ. எஞ்சினுடன் வந்த மைனரை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னோக்கிய கியர்கள் நான்கு. முதற் கியருக்குச் சிங்குறோமெஷ் இல்லை. ஆகவே கார் நின்ற பின்னரே அதனைப் போடுதல் முறை. முதற் கியரில் எழும் ஊளைச் சத்தம் நேர்ப்பற்களின் இயல்பேயன்றிப் பழுதன்று. இதை அறியாமல் பெட்டியைக் கழற்றியோரும் உளர்.

உண்மையான பழுதைக் காது காட்டிக்கொடுக்கும். கியர் எதுவும் போடாமல் எஞ்சினை ஓடவிட்டால் சத்தம் கேட்டு, கிளச்சை மிதித்ததும் அது மறைந்தால், குறை பெட்டியின் உள்ளேதான் உண்டு. மிதிக்கும்போது மட்டும் கேட்டால், கிளச்சை விலக்கும் பகுதியையே பார்த்தல் வேண்டும். முதல் மூன்று கியர்களிலும் இரைந்து நாலாவதில் அடங்கினால், ஐயம் கீழ்த்தண்டின்மேல் விழும். நாலாங் கியரில் விசை மேல்தண்டு வழியே நேராகச் செல்கிறது. கீழ்த்தண்டு சுழன்றாலும் சுமை தாங்குவதில்லை.

அந்தக் கீழ்த்தண்டிலேதான் பணமும் உழைப்பும் வீணாவது வழக்கம். அது ஊசிபோன்ற சிறு உருளைகளின்மேல் அமர்ந்த பற்சக்கரத் தொகுதியைத் தாங்குகிறது. உருளைகளைப் புதிதாக வாங்கி, குழி விழுந்த பழைய தண்டையே திரும்பப் பூட்டுவோர் உண்டு. தண்டின் கடினமான மேற்றோல் போய்விட்டால் புதிய உருளைகளும் விரைவில் அழியும். இரண்டையும் ஒருமிக்க மாற்றுவதே சிக்கனம். பூட்டும்போது உருளைகளைக் கிறீசினால் ஒட்டவைத்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஒன்று தவறிப் பற்களுக்கிடையே விழுந்தால் செய்த வேலை முழுவதும் பாழ்.

இரண்டாங் கியருக்கு இறங்கும்போது பற்கள் கறகறத்தால், சிங்குறோமெஷ் வளையம் தேய்ந்திருக்கலாம். வளையத்தைச் சக்கரத்தின் கூம்பில் அழுத்தித் திருப்பிப் பார்த்தால், அது வழுக்காமல் பற்றிக்கொள்ள வேண்டும். வளையத்துக்கும் சக்கரத்தின் பற்களுக்கும் நடுவே இடைவெளியும் தெரிய வேண்டும். இடைவெளி அற்றுப்போன வளையம் குப்பைக்கே உரியது.

எண்ணெயிலும் கவனம் தேவை. இப்பெட்டிக்கு வேண்டியது எஞ்சின் எண்ணெய். அளவு ஏறத்தாழ 1.3 லீற்றர். கியர் என்ற பெயரைக் கண்டு தடித்த கியர் எண்ணெயை ஊற்றினால் வளையம் சரிவரப் பற்றாது. அவ்வெண்ணெய்கள் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்க்கை அந்த மஞ்சள் உலோகத்தை அரிக்கவும் கூடும்.

இனி ஐந்து கியர்ப் பெட்டி. இங்கிலாந்தில் பலர் போர்ட் சியறாக் காரின் ‘டைப் 9’ பெட்டியை மைனருக்குப் பொருத்துகின்றனர். அதன் ஐந்தாங் கியர் விகிதம் 0.82. நாலாங் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் வேகத்தில், ஐந்தாவதில் 2,460 முறை சுழன்றாற் போதும். இரைச்சலும் தேய்மானமும் குறையும். ஆயினும் பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் உறை, கிளச்சுத் தட்டு, பின் அச்சுக்குச் செல்லும் தண்டு ஆகியவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். நகர்ப்புறத்துக்கு வெளியே காரின் வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றராகவுள்ள எமது சாதாரண வீதிகளில் இச்செலவின் பயன் சிறிதே. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஐந்தாங் கியர் உதவவும் மாட்டாது. கடுகதிப் பாதையில் அடிக்கடி ஓடுபவருக்கே அது தகும்.

அவ்வாறு மாற்றுவோரும் பழைய பெட்டியை இரும்புக்கடையில் நிறுத்து விற்றுவிடலாகாது. எண்ணெய் பூசி, வாய்களை அடைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்தால், காரைப் பின்னர் வாங்குபவர் விரும்பியபோது அதனையே மீண்டும் பூட்டிக்கொள்ளலாம்.