மொய் எழுதாத செடிகள்

பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் அங்கே காரில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி வந்து, டாப்சிலிப்பைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்தக் காட்டில் 1951-இல் இலையே இல்லாத ஒரு சின்னஞ்சிறு பூச்செடி கிடைத்தது. மறு ஆண்டு ஹாப்லோதீஸ்மியா எக்சானுலாட்டா என்று பெயரிட்டார்கள். அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்தபோது, 2000-இல் கண்டெடுத்த செய்தி வந்தது. அதுவும் பழைய இடத்திலேயே!

அது சேர்ந்த தீஸ்மியேசி குடும்பத்துச் செடிகள் எல்லாமே இந்த ரகம். பச்சையம் இல்லை என்பதால் இவற்றுக்கு வெயிலும் வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வெறும் வேராகவே கிடக்கும். மண் நன்றாக ஊறிய பிறகு ஒரு பூ சருகை விலக்கிக்கொண்டு தலைகாட்டும். சில நாளில் அதுவும் போய்விடும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கின்றன? மக்கிய சருகைத் தின்று வாழ்கின்றன என்று பழைய பாடநூல்கள் எழுதின. உண்மையில் இது திருட்டு. காட்டு மரங்களின் வேரில் குடியிருக்கும் பூஞ்சைகள், மண்ணிலிருந்து பாஸ்பரஸை உறிஞ்சி மரத்துக்குத் தருகின்றன; மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. தீஸ்மியேசிச் செடி இந்தப் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதாமல் நழுவும் விருந்தாளி. வேரை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் பூஞ்சை இழைகள் சுருள் சுருளாகக் கிடக்கும். சில செல்களில் அவை சிதைந்து, செரித்த மிச்சமாக இருக்கும்.

பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தால் செத்துப்போகும். பூஞ்சை வேண்டும், அந்தப் பூஞ்சைக்குச் சோறு போடும் மரமும் வேண்டும்.

தொலைந்து திரும்பியது பரம்பிக்குளத்துச் செடி மட்டுமல்ல. மலேசியாவின் சரவாக் காட்டில் இத்தாலியர் ஒதோவார்தோ பெக்காரி 1866-இல் பார்த்த தீஸ்மியா நெப்டுனிஸ், 151 ஆண்டு கழித்து, 2017-இல்தான் செக் நாட்டு ஆய்வாளர்களுக்குச் சிக்கியது. பூவின் தலையில் மூன்று நீண்ட இழைகள் நிமிர்ந்து நிற்கும்; புகைப்படத்தில் பார்த்தால் செடி என்றே நம்பத் தோன்றாது.

ஜப்பானின் கோபே நகரில் 1992-இல் கிடைத்தது இதே குடும்பத்தின் ஒரே ஒரு செடி. அது முளைத்த இடம் 1999-இல் தொழிற்பேட்டையாகிவிட்டது. 2018-இல் புதிய இனம் என்று அறிவித்தபோதே, அநேகமாக அழிந்துவிட்டது என்றும் சேர்த்தே எழுதினார்கள். 2021-இல் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி மறுபடி முளைத்து நின்றது.

எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மழைக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, எப்படியோ சிகாகோவின் ஈரப் புல்வெளியில் வாழ்ந்த தீஸ்மியா அமெரிக்கானாவை 1912-இல் கண்டவர் நார்மா பைபர் என்ற ஆய்வு மாணவி. 1916-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. எத்தனையோ முறை ஆள் திரட்டிப் போய்த் தேடியாயிற்று.