கதைத்தபடி ஓடச் சொல்வது ஏன்?

விடியப்புறம் கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியோரம் சோடியாக ஓடுபவர்களுக்கு, வாய்க்கதைதான் மலிவான வேகமானி. அரை மரதன் 21.1 கிலோமீற்றர், அதற்கான பயிற்சியில் பெரும்பகுதி மெதுவோட்டம்.

முழு வசனம் பேச முடிகிறதா? தசைகளுக்கு ஒட்சிசன் போதும், கொழுப்பும் எரிகிறது. வேகம் கூடினால் தசைகளிலிருந்து ஐதரசன் அயன்கள் இரத்தத்தில் சேரும். இருகாபனேற்று அவற்றைச் சமப்படுத்தும்போது பிறக்கும் காபனீரொட்சைட்டை வெளியேற்ற மூச்சு வாங்கும். பிறகு பதில் வெறும் "ஓம்", "ம்"தான்.

துணை நோவையும் தணிக்கலாம். ஒக்ஸ்போட் படகோட்டிகள் 12 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், தனியே துடுப்பு வலித்ததைவிடக் கூட்டாக வலித்தபின் நோவு தாங்கும் எல்லை உயர்ந்திருந்தது. என்டோர்பின் காரணமாகலாம் என்றார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம்பத் தோன்றுகிறது.

வேகம் பொருந்தாத சோடியா? மூச்சு முந்தி வாங்குபவரே வேகத்தைத் தீர்மானிக்கட்டும்.