ஆணித் துப்பாக்கியின் விசை எந்த வகை?

மூவாரில் தளவாடப் பொருட்கள் செய்யும் தொழிற்சாலை என்றாலும், சரக்கு அடுக்கும் 'பேலட்' தட்டுகளைச் செய்யும் பட்டறை என்றாலும், சுத்தியல் சத்தத்தைவிட 'டப் டப்' என்ற சத்தமே இன்று அதிகம் கேட்கிறது. அது காற்றழுத்த ஆணித் துப்பாக்கியின் சத்தம். தச்சுத் துறையில் பயிலும் மாணவர்கள் வேலைப் பயிற்சிக்குப் போன சில நாட்களிலேயே இதைக் கையில் பிடிக்க வேண்டி வரலாம்.

கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 35 பவுண்டு. ஆணித் துப்பாக்கி பொதுவாக 70 முதல் 120 பவுண்டு அழுத்தத்தில் இயங்குகிறது. கம்ப்ரெசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்று உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ள, அதோடு இணைந்த தகடு ஆணியை ஒரே அடியில் மரத்துக்குள் இறக்கிவிடும்.

ஆணி வெளியே வர இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். துப்பாக்கியின் முனை எதன் மீதாவது அழுந்த வேண்டும். விரல் விசையை இழுக்க வேண்டும். இதில் எது முதலில் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. 'சீக்குவென்ஷியல்' வகையில் முனையை முதலில் அழுத்தி, பிறகுதான் விசையை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 'காண்டாக்ட்' வகையிலோ வரிசை கிடையாது. விசையை இழுத்துப் பிடித்தபடி முனையை எங்கே இடித்தாலும் ஆணி பாயும். மரத்தில் இடித்தால் மரத்தில். ஏணியில் இறங்கும்போது உங்கள் தொடையில் இடித்தால் தொடையில்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆணி பாய்ந்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். விரல் விசையில் இருக்கும்போதே கையின் அழுத்தத்தில் முனை மீண்டும் மரத்தைத் தொட்டால், கேட்காமலேயே இரண்டாவது ஆணி வந்துவிடும். முதல் ஆணியின் தலையில் பட்டு அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கருவியின் உதைப்புக்கு இன்னும் பழகாத புதியவர்கள் கையில் இது எளிதாக நடக்கும்.

அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியில், அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவதாக மதிப்பிடப்பட்டிருந்தது. வீடு கட்டும் துறையில் தச்சு பழகுபவர்களில் ஐவரில் இருவர் நான்கு ஆண்டுகளுக்குள் காயம்பட்டிருந்தனர். 'காண்டாக்ட்' வகையில் காயத்துக்கான வாய்ப்பு மற்றதைவிட இரு மடங்கு.

"அது ஸ்லோ" என்று பட்டறையில் சொல்வார்கள். ஆணி அடிக்கும் நேரம் 'காண்டாக்ட்' வகையில் சுமார் 10 விழுக்காடு குறைவதென்னவோ உண்மைதான். ஆனால், மொத்தக் கட்டுமான நேரத்தில் அந்த மிச்சம் ஒரு விழுக்காடுகூட இல்லை என்கிறது அதே வழிகாட்டி. இதற்காகவா விரலைப் பணயம் வைப்பது? ஆகவே கருவியைத் தொடும் முன் அதன் கையேட்டைப் பாருங்கள், அல்லது பயிற்றுநரிடம் விசை எந்த வகை என்று கேளுங்கள். சிலர் விசையை டேப் சுற்றிக் கட்டிவைப்பார்கள். முனையின் சுருள்கம்பியைக் கழற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட கருவியை வாங்கிக்கொள்ளவே வேண்டாம்.

மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து 12 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும்; கணுவில் பட்ட ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிவரும். ஆணி சிக்கிக்கொண்டால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள், பிறகு முனையைப் பாருங்கள். நடக்கும்போது விரல் விசையில் வேண்டாம். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். கம்ப்ரெசர் இல்லையென்று ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தால் கருவி வெடிக்கும்.

மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் ஊழியருக்கு ஓர் உரிமை தருகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை அகற்ற நடவடிக்கை எடுக்காவிட்டால் அங்கிருந்து விலகலாம்.

ஆணி உடம்பில் ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். ஆணிகளைக் கோத்திருக்கும் கம்பித் துணுக்குகள் கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருக்கலாம். இழுத்தால் நரம்பையும் தசைநாரையும் கிழித்துவிடும். சின்னக் காயமாகத் தெரிந்தாலும், ஆணி அசையாதபடி துணியால் தாங்கிப் பிடித்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அதே ரக ஆணி ஒன்றையும் கையோடு எடுத்துச் சென்றால், உள்ளே இருப்பது எப்படிப்பட்டது என்று மருத்துவருக்குத் தெரியும்.