சி டிரைவுக்கு நடுவே ஒரு வரப்பு

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பேண்டேஜ் துணி நெய்கிற சத்திரப்பட்டி அண்ணாச்சி வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தார். ஐந்து வருஷத்துக் கணக்கு, மகள் கல்யாண போட்டோ, எல்லாமே சி டிரைவில். "விண்டோஸ் புதுசா போடணும்ங்காங்க தம்பி. இதெல்லாம் போயிருமே, டி டிரைவ் ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

போடலாம் அண்ணாச்சி. வயலுக்குள் வரப்பு போடுகிற வேலைதான், நிலம் கூடிவிடாது. 512 ஜிபி என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. யாரும் திருடவில்லை.

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் கிடைக்கும். கீழே நீளமாக ஒரு பட்டை. பெரிய கட்டம்தான் சி. ஓரத்தில் இஎஃப்ஐ, ரெக்கவரி என்று சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அவை கிணறும் மோட்டார் ரூமும் மாதிரி, கை வைக்கவே கூடாது.

சி மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். எண்ணை எம்பியில் கேட்கும். 200 ஜிபி வேண்டுமென்று 200 அடித்தால் ஏமாந்தோம். 204800 அடிக்க வேண்டும். காலியிடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் தருவேன் என்று சில நேரம் அடம்பிடிக்கும். ஹைபர்நேட் ஃபைல் மாதிரி நகர்த்த முடியாத ஒன்று நடுவயலில் பாறையாகக் கிடக்கும். ஹைபர்நேட்டை அணைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம்.

பிரிந்த இடம் கறுப்புக் கோட்டோடு நிற்கும்; நிலம் உண்டு, பட்டா இல்லை. அதன் மேல் வலது கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், ஓர் எழுத்து, என்டிஎஃப்எஸ், க்விக் ஃபார்மட். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இந்தப் பாகப்பிரிவினை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாகப் பதிவாகிறது. பழைய எம்பிஆர் முறையில் நாலு பாகத்துக்குத்தான் வரி. 2 டிபிக்கு மேல் அளக்கவும் தெரியாது. இப்போதைய ஜிபிடியில் விண்டோஸ் 128 பாகம் வரை விடுகிறது. அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். அதை யோசித்தவர் பத்திரம் தொலைத்து அலைந்தவராக இருக்க வேண்டும்.

சியைத் தாராளமாகவே விடுங்கள். பின்னால் பெருக்க வேண்டுமென்றால் அதன் வலப்பக்கம் ஒட்டியே காலியிடம் இருக்க வேண்டும். ராஜபாளையத்து வயலோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வயலைச் சேர்த்து ஒரே வரப்பு கட்ட முடியாதே.

டி வந்ததும் கணக்கு தானாக அங்கே போய்விடாது. டெஸ்க்டாப்பில் கிடப்பது சியில்தான் இருக்கிறது, நாம்தான் மாற்ற வேண்டும். விண்டோஸ் போடுகிறவரிடம் சியை மட்டும் ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த பால்கோவாக் கடைக்காரர் தினமும் பில் கணக்கை டியில் காப்பி எடுத்து வந்தார். ஒருநாள் டிஸ்க் செத்தது. சியும் டியும் ஒரே டிஸ்க், இரண்டும் சேர்ந்தே போயின.

அதனால் ஒரு வெளி டிஸ்க் வாங்கி வாருங்கள் அண்ணாச்சி. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியையும் எழுதி எடுத்து வாருங்கள். இரண்டும் வரும்வரை இந்த லேப்டாப்பை நான் தொடுவதாக இல்லை.